கருப்பராயனுக்கு வைத்த ஒயின்

எங்கள் மில்லுக்கு நூல் சுற்றும் புது மெஷின் இத்தாலியிலிருந்து வந்தபோது, அதை மாட்டிக் கொடுக்க ஒரு ஆளும் கூடவே வந்தார். தொண்ணூறுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் பல மில்களில் அப்படி மெஷின்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க என்னைப் போட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழிலேயே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். கையைக் காட்டியே இருவரும் வேலையை முடித்தோம்.

நூல் அறுந்து போகாமல் மெஷின் ஓடிய அன்று, பனியனில் சுற்றிய ஒரு குப்பியை அவர் கொண்டுவந்தார். அதன் தாளில் ஓட்டு வீடும் திராட்சைக் கொடியும் வரைந்திருந்தது. மாடி ஜன்னலைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். மற்றதை சூப்பர்வைசர் சொன்னார்.

"ஏப்பா, இது அவிய சொந்தத் தோட்டத்துத் திராட்சையில போட்ட ஒயினாமா. பாட்டன் காலத்துல இருந்து குடும்பமே பண்றாங்களாம். இது அவிய அப்பா கடைசியாப் போட்டதாம். அவரு இப்ப இல்லை. நல்ல காட்டமா இருக்குமாம், கறிச்சோத்தோட குடிக்கோணுமாம். ஞாயித்துக்கெழமை உன்ற ஊட்டுக்கு வந்து உங்கூடக் குடிக்கறேங்கறாரு."

"எங்கூட்ல ஆகாதுங்களே" என்றேன்.

"அதை நீயே சொல்லீரு. இத்தனை நாளாக் கையாலதான பேசிக்கறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். என் கை நீண்டு குப்பியை வாங்கிக்கொண்டது.

என் மாமனார் சாராயத்தால் செத்தவர். கல்யாணத்தின்போது என் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குள் குப்பி வரக்கூடாது. அதனால் அன்று சாயங்காலம் குப்பியோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றேன்.

"ஏனுங்க, உள்ள வராம அங்கயே நிக்கறீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவரோட அப்பா போட்டதுங்களா?"

"ஆமா."

"செத்தவிய கைப்பட்டது. வேண்டாம்னு சொல்லக்கூடாதுங்க. ஆனா இந்த வாசப்படி ஏறப்படாது. கருப்பராயனுக்குப் படைச்சுப்போட்டு, அங்கயே அவருக்கு ஒரு டம்ளர் குடுங்க. நீங்களும் நாக்குல வெச்சுக்கோங்க. சோறு மட்டும் இங்க வந்து தின்னுக்கட்டும்."

எங்கள் பக்கம் கருப்பராயனுக்குச் சாராயமும் சுருட்டும் வைப்பது வழக்கம். எனக்காக அவள் அவ்வளவு தூரம் இறங்கி வந்தது பெரிதாக இருந்தது. அப்படியே திரும்பிப் போய் மில்லில் என் பெட்டிக்குள் குப்பியை வைத்தேன்; ஞாயிறு வரை அது அங்கேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்ற சூப்பர்வைசர் வரவில்லை. இத்தாலிக்காரர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கோயிலுக்குக் கூட்டிப் போனேன். மனைவி இரண்டு எவர்சில்வர் டம்ளர்களோடு வந்து தள்ளி நின்றாள். இலையில் சுருட்டுக்குப் பக்கத்தில் தன் குப்பியைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

பூசாரி குப்பியைத் திருகிப் பார்த்தார்.

"என்னப்பா, தக்கைய இப்புடி அடிச்சு எறக்கியிருக்கறான்? சாமிக்கு மூடுன குப்பி வெக்கப்படாது."

இத்தாலிக்காரர் பேன்ட் பைக்குள் கையை விட்டு, தக்கையை இழுக்கிற, மரப்பிடி போட்ட ஒரு திருகு கம்பியை எடுத்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன். "இருங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பூசாரி அதற்குள் அரிவாளை எடுத்திருந்தார். குப்பியின் கழுத்து தெறித்து விழுந்தது.

"கண்ணாடித் துண்டு உள்ள உழுந்திருக்கும், யாரும் குடிக்காதீங்க" என்று சொல்லி, பூசாரி அத்தனையையும் சாமிக் கல்லின் மேல் கவிழ்த்தார். "தொரை, உங்க சரக்கு பூராவும் கருப்பராயனுக்கே வேணுமாமா!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இத்தாலிக்காரர் அர்த்தம் கேட்பது போல என்னைத்தான் பார்த்தார். திருகு கம்பி அவர் கையிலேயே இருந்தது. நான் மில் சட்டையில் துடைப்பது போல வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அவர் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். கல்லின் குழியில் கொஞ்சம் தேங்கியிருந்தது, கறுப்புச் சிவப்பாக. கண்ணாடி இல்லையென்று பார்த்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னையும் கூப்பிட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். "வெச்சுக்கோங்க" என்றாள்.

தொட்டு வைத்தேன். விளக்கெண்ணெயும் திருநீறும்தான் முதலில் தெரிந்தன. அதற்கு அப்பால், நாக்கு ஓரத்தைப் பிடித்து இழுக்கிற ஒரு துவர்ப்பு. அதைச் சரியாகப் பிடிப்பதற்குள் எண்ணெய் மூடிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். மெஷினில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று எத்தனையோ முறை அவருக்குக் காட்டியிருக்கிறேன். அவர் அப்பாவின் ஒயின் எப்படி இருந்தது என்று காட்ட என் கை எழவில்லை.

பூசாரி உடைந்த குப்பியைச் சுவரோரம் பழைய குப்பிகளோடு வைத்தார். தாளில் இருந்த வீடு நனைந்து சுருங்கியிருந்தது.

"சோறு ஆறுதுங்க, கூட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நான் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.