முத்துவேல் ஏற்றுக்கொண்ட பேர்கள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே இருக்கிற வேன் ஸ்டாண்டில் முத்துவேலைத் தெரியாதவர் கிடையாது. முப்பத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். தன் கையால் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. ஆனாலும் அவர் பேரில் நாலு விபத்து பதிவாகியிருக்கிறது. நாலும் அடுத்தவன் அடித்தது.

அது அந்த ஸ்டாண்டின் வழக்கம். லைசென்ஸ் முடிந்துபோன நேரத்திலோ, இன்ஷூரன்ஸ் கட்டாத நேரத்திலோ ஒருத்தன் எங்கேயாவது இடித்துத் தொலைத்தால், காகிதமெல்லாம் சரியாக வைத்திருக்கிற இன்னொருத்தர் போய் 'நான்தான் ஓட்டினேன்' என்று நிற்பார். பேரை ஏற்றுக்கொள்வது என்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதே ஸ்டாண்டைச் சேர்ந்த பெருமாளின் லோடு வண்டி பழையசீவரம் சாலையில் ஒரு பசுமாட்டை அடித்தபோது முத்துவேல்தான் போய் நின்றார். பெருமாள் காலனிக்காரர், அப்போது அவருக்கு லைசென்ஸ் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை முத்துவேல் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்டா" என்று முத்துவேல் மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். நல்ல மனுஷன்தான். அந்த நல்லதனத்தில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

முத்துவேலின் மகன் சுகுமாரும் பெருமாளின் மகன் ஸ்ரீகாந்தும் ஓமன் நாட்டில், சலாலாவில் வேலை செய்தார்கள். சுகுமாருக்கு ஏசி மெக்கானிக் வேலை. ஸ்ரீகாந்துக்கு ஒரு கிடங்கில் வேலை. ஸ்ரீகாந்த் ஆறு வருஷம் முடித்துவிட்டு அந்தத் திங்கட்கிழமை ஊருக்கே திரும்பி வருகிறான். அவனை அழைத்துவர மீனம்பாக்கத்துக்கு முத்துவேலின் வேன்தான் போகிறது. வாடகை வேண்டாம் என்று முத்துவேல் அடித்துச் சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முன் வெள்ளிக்கிழமை லீவில் அங்கிருக்கும் மலையைப் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. கார் வாடகைக்கு எடுக்கிற இடத்திலிருந்து காலையில் சுகுமார் போன் செய்தான். முத்துவேல் ஸ்பீக்கரில் போட்டார். அவருக்கு எந்தப் போனும் ஸ்பீக்கரில்தான். ஸ்டாண்டே கேட்க வேண்டும்.

"அப்பா, இன்ஷூரன்ஸ்ல மூணு விதம் சொல்றாங்கோ. ஒரே பேஜாரா கீது. நீயே கேளு."

கவுண்டரில் இருந்தவர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசினார். "அங்கிள், சாதா கவர் எடுத்தா, இடிச்சா முதல் முந்நூறு ரியால் உங்க பையன் தரணும். கொஞ்சம் கூடக் கட்டினா அது நூறாகும். ஃபுல் கவர் எடுத்தா ஒண்ணுமே தர வேண்டாம். கண்ணாடி, டயர், ஆடு, ஒட்டகம் எல்லாம் அதுல வரும்."

"ஒட்டகமா!" ஸ்டாண்டே சிரித்தது.

"சிரிக்காதீங்க. இது மழை சீசன். மலைமேல பனி மூடிடும். ஒட்டகம் நடுரோட்டுலதான் நிக்கும்."

"ஃபுல்லே போடு நைனா. துட்டப் பாக்காத" என்றார் முத்துவேல்.

"சரி. இன்னொண்ணு. பேப்பர்ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓட்டணும். வேற ஆள் ஓட்டினா இந்தக் கவர் செல்லாது. கூட வர்றவர் பேரையும் சேர்க்கவா? தனியா கட்டணும்."

பெருமாள் அவசரமாகக் கையை ஆட்டினார். "எம்புள்ள சும்மா குந்திக்கினுதாண்ணே போறான். அவனுக்கு எதுக்கு தண்டச் செலவு?"

"வாணாம் நைனா, எம்புள்ள பேரு போதும்" என்றார் முத்துவேல். செல்லாது என்ற சொல் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. முப்பத்திரண்டு வருஷ டிரைவருக்கு எவனோ ஒருத்தன் பாடம் எடுப்பதா!

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன். கூட யாரும் இல்லை.

"அப்பா, அடிச்சிட்டேம்பா. ஒட்டகம். பனியில ஒண்ணுமே தெரியல. செத்துப்போச்சு."

"ஐயையோ! உனக்கு இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஸ்ரீகாந்துக்கும் ஒண்ணுமில்ல. போலீசு வந்துக்கினு கீது."

கேஸ் வந்தால் வேலை போகும், விசா போகும் என்று முத்துவேலின் மனசு கணக்குப் போட்டது. காலையில் தானே கேட்டு வாங்கிக் கொடுத்த ஃபுல் கவர் நினைவுக்கே வரவில்லை. பழகின மாடு பழகின தடத்தில்தானே போகும்.

"ஸ்ரீகாந்தாண்ட குடு. நைனா, நீதான் திங்கக்கெழம ஊருக்கு வந்துடறியே. இனிமே அந்த வேல உனக்கு வாணாம். நான்தான் ஓட்டினேன்னு நீ சொல்லிடு."

ஸ்ரீகாந்த் இழுத்தான். "அப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"உங்கப்பனுக்காவ நான் நின்னவன்டா. அவன் வாணாம்னா சொல்லுவான்?"

"சரிங்க" என்றான் ஸ்ரீகாந்த்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று முத்துவேல் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். பாவி மனுஷன்!

சனிக்கிழமை காலையில், முத்துவேல் ஸ்டாண்டுக்குக் கிளம்பும் முன்பே, சுகுமார் அழுதுகொண்டே பேசினான். "அப்பா, கவுண்டர்ல இருந்த மலையாளி தலையில அடிச்சிக்கிறாரு. நான் ஓட்டினேன்னு சொல்லியிருந்தா காரு, ஒட்டகம் எல்லாத்தையும் கவரே பாத்துக்கினு இருக்குமாம். நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பேனாம். ஸ்ரீகாந்து பேரு பேப்பர்ல இல்லியே. இப்ப அந்தத் துட்டு எல்லாம் அவன் தலையில. அத்த கட்டி முடிக்கிற வரைக்கும் அவன் நாட்ட வுட்டு வர முடியாது. உள்ள வெச்சிட்டாங்கோப்பா. போன கூட புடுங்கிக்கினாங்கோ."

முத்துவேல் எழுந்து வீட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான் போயி உண்மைய சொல்லிடட்டா?"

"சொன்னா உன்ன இன்னா பண்ணுவாங்கோ?"

"பொய் சொன்னதுக்குப் புடிப்பாங்கோ. வேலையும் பூடும்."

சொல்லு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்தவனுக்காக நாலு தடவை ஸ்டேஷன் படியேறினவர், தன் பிள்ளை என்றதும், "ரெண்டு நாளு பொறுடா, பாக்கலாம்" என்றார்.

அந்த இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டாண்டில் பெருமாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே வண்டியைத் துடைக்க எழுந்துகொண்டார். "புள்ளைக்கு லைனே கெடைக்கலண்ணே. கம்பெனி சிம்ம திருப்பிக் குடுத்துட்டான் போல" என்று பெருமாள் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். "அப்படித்தான் இருக்கும்" என்றார் முத்துவேல். சொன்ன பிறகு அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பெருமாள் சவரம் செய்து, பெட்டி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கையில் ஒரு தூக்கு. "புள்ளைக்குன்னு அவன் அம்மா சிட்டம்மா வறுத்த மீனு குடுத்து அனுப்பிச்சா. வண்டியில நாறும், கோவிச்சுக்காதண்ணே" என்று சொல்லிக்கொண்டே முன்சீட்டில் ஏறினார். "கெளம்பலாமா?"

முத்துவேல் வண்டியை எடுத்தார். செங்கல்பட்டு சாலையில் இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஓரம் கட்டி நிறுத்தினார். போனை எடுத்து, எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டு, டேஷ்போர்டில் வைத்தார்.

"சுகு, பெருமாளு என் பக்கத்துல கீறான். ஒட்டகத்த அடிச்சப்ப யாரு ஓட்டினது?"

"நான்தாம்பா."

"ஸ்ரீகாந்து பேர சொல்லச் சொன்னது யாரு?"

"நீதாம்பா."

"போயி அத்த அப்படியே அங்க சொல்லு. இப்பவே போ."

"அப்பா, என் வேலப்பா..."

"போடா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

பெருமாள் தூக்கை மடியிலிருந்து எடுத்து மெதுவாகக் காலடியில் வைத்தார். "அப்ப எம்புள்ள இன்னிக்கு வரலியா?"

"இல்ல பெருமாளு. வெள்ளிக்கெழமயே புடிச்சிட்டாங்கோ. என் வாயாலதான் எல்லாம்." முத்துவேல் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது பெருமாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே நாற்று நட்டிருந்த கழனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேண்ணே" என்றார் பெருமாள். "பெத்த புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு, ஒனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கினு வேற நின்னிருப்பேன். அத்த நெனச்சாத்தான் எனக்கு என்மேலயே கோவமா வருது."

கதவைத் திறந்து இறங்கினார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், வந்த வழியே ஊரைப் பார்த்து நடந்தார்.

முத்துவேல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறி வண்டிக்குள் மீன் வாடை அடிக்க ஆரம்பித்தது. பதினொரு மணிவரை சுகுமாரிடமிருந்து போன் வரவில்லை. இவர் கூப்பிட்டுப் பார்த்தபோது ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. உண்மையைச் சொன்னதால் அவன் போனையும் பிடுங்கிக்கொண்டார்களா, இல்லை அப்பன் திட்டுவானென்று அவனே அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டானா?

இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி அதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.