கறை படாத உறை

1. முதல் நாள் விதி

இசைக்குழுக்களுக்கு இசைக்குறிப்புத் தாள்களை வாடகைக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில், தெற்கு லண்டனில், ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இசை எனக்குத் துளியும் தெரியாது. இன்டர்வியூவிலேயே அதைச் சொல்லிவிட்டேன். முதலாளி ரூத் சிரித்துவிட்டு, எண்ணத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு தாள், அது பார்ட். எல்லாப் பார்ட்டும் ஒரே உறைக்குள் இருந்தால் அது ஒரு செட். திரும்பி வரும் செட்டை எண்ணி அடுக்க வேண்டும். ரூத் அன்று சொன்ன விதி ஒன்றே ஒன்று: உறையில் எழுதியிருப்பதை நம்பாதே, உள்ளே பார். சரியான விதிதான். வாசிக்கிறவர்கள் கச்சேரி முடிந்ததும் அகப்பட்ட உறைக்குள் அகப்பட்டதைத் திணித்துவிட்டு பப்புக்கு ஓடிவிடுவார்கள். மேலே தேத்தண்ணீரும் ஊற்றி வைப்பார்கள்.

2. ரூத்தின் சொனாட்டா

ரூத்துக்கு ஒரு செல்லப்பிள்ளை இருந்தது. கத்தோலிக்கப் பூசையில் இரண்டு வேதவாசகங்களுக்கு நடுவே, பாட்டில்லாமல், இரண்டு வயலினும் பேஸும் ஓர்கனும் வாசிக்கும் ஒரு சேர்ச் சொனாட்டா. இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. இளவயதில் ஆஸ்திரியாவில் ஒரு மடத்தில் அதைக் கண்டெடுத்து அச்சிட்டவர் அவர்தான். அந்தக் கையெழுத்துப் பிரதியின் உறையில் வியன்னாவின் மிகப் பெரிய இசைமேதை ஒருவரின் பெயர் இருந்தது. பெயரை இங்கே இழுக்கவில்லை; அவர் பாவம், இதில் அவருக்குப் பங்கே இல்லை. ரூத்துக்குப் பேர் வாங்கித் தந்தது அந்தக் கண்டுபிடிப்புத்தான்.

மறுபதிப்புக்காக மடம் முதன்முறையாக அந்தப் பிரதியின் கலர் படங்கள் அனுப்பியது. அவற்றைப் பிரின்ட் எடுத்து அடுக்கும்போது என் கை நின்றது. நாலு பார்ட்டிலும் கீழ் மூலையில் ஒரே கறை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஊறியிருந்தது. உறையில் மட்டும் ஒரு பொட்டும் இல்லை. என் ஷெல்பில் உறையை நனைக்காமல் உள்ளே போன தேத்தண்ணீரை நான் கண்டதில்லை. மேதையான அந்தப் பெரியவரின் பெயர் அந்த உறையில் மட்டுந்தான் இருந்தது. அப்படியென்றால் உறை வேறெதனுடையதோ.

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னேன். மனைவி விடவில்லை.

"அந்த மனுசியின்ரை வாழ்நாள் பேர். உங்களுக்கேன் தேவையில்லாத வேலை? வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன்."

"ஏலாதப்பா. உறையை நம்பாதை எண்டு சொல்லித் தந்ததே அவதான்."

மறுநாள் படங்களை ரூத்தின் மேசையில் பரப்பிக் காட்டினேன். மூன்று நாள் எனக்கு குட்மோர்னிங்கும் இல்லை.

நாலாம் நாள் மடத்துக்குத் தானே எழுதினார். தேடிப் பார்த்தார்கள். அதே மூலையில் கறை படிந்த உறை வேறொரு தாள்கட்டுக்கு மேலுறையாகக் கிடந்தது. அதில் பெயரே இல்லை. அந்தக் கட்டுக்குள் இருந்ததோ பெரியவரின், எல்லோருக்கும் தெரிந்த இசை. எந்தக் காலத்திலோ யாரோ உறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

3. ரப்பர்

மறுபதிப்பின் உறையில் "இயற்றியவர் தெரியவில்லை" என்று போடச் சொன்னார் ரூத். ஓர்டர்கள் படுத்துவிட்டன. குரோய்டனில் ஒரு தேவாலயம் மட்டும் எடுத்தது. அங்கே வாசித்ததை நாங்கள் இருவரும் டிராமில் போய்க் கேட்டோம். முடிந்ததும் ரூத் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்:

"இவ்வளவு காலமும் அந்தப் பெரிய பேரைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறன். இதை எழுதின மனுசனை இண்டைக்குத்தான் கேட்டனான்."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்தவன் உறையைச் சந்தேகிக்க யாராலும் முடியும். ரூத் சந்தேகித்தது தன் சொந்த உறையை.

அடுத்த வாரம் செட் திரும்பி வந்தது. உறையில் யாரோ ஒரு வாசிப்பாளர், பெயர் இல்லாதது பொறுக்காமல், அதே பெரியவரின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். நான் ரப்பரைத் தேடி எடுத்தேன். ரூத் அதை என் கையிலிருந்து வாங்கி, தானே அழித்து, தூளை ஊதிவிட்டு, உள்ளே எண்ணிப் பார் என்று செட்டை என்னிடம் நீட்டினார்.

எண்ணினேன். நாலும் இருந்தன.