மஞ்சள் டேப் ஒட்டிய போர்ட்

புது யுபிஎஸ் பெட்டியின் முன்பக்கம் ஒரு டைப்-சி போர்ட் இருந்தது. கரண்ட் போனால் மோடத்தைக் காப்பாற்ற வாங்கிய பெட்டி. அதில் கைத்தொலைபேசி கேபிளுக்கு என்ன வேலை? எனக்குக் கை துறுதுறுத்தது. எதையாவது செருகிப் பார்ப்பதற்குள் என் வீட்டுக்காரர் அதன்மேல் மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தகவல் திருட்டுப் போகாமல் இருக்க, அங்கே கணினியில் சும்மா இருக்கும் போர்ட்டுகளுக்கெல்லாம் சீல் வைத்திருப்பார்கள். யாராவது கைபேசியைச் செருகினால் செக்யூரிட்டி வந்து நிற்பார். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் டிவிக்குப் பின்னாலும் டேப்தான்.

"இது கரண்ட் மட்டும் குடுக்கிற போர்ட்டுங்க. இதுல எவன் வந்து என்னத்தத் திருடப் போறான்?"

"தெரியாத போர்ட்ல கை வைக்காத லா."

யுபிஎஸ்ஸின் பின்னால் இருந்த இரண்டு பிளக்கிலும் மோடத்தையும் வைஃபை பெட்டியையும் மாட்டினார். எல்லாம் எனக்காகத்தான். பிள்ளை பிறந்தபோது கணக்கு வேலையை விட்டவள் நான். இப்போது கோலாலம்பூர் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஆன்லைனில் நேர்காணல் வைத்திருந்தது. எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு. அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

நேர்காணல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடி நின்றது. வெளியே சாலை தோண்டுகிறவர்கள் எதையோ வெட்டிவிட்டார்கள் போல. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது. இன்டர்நெட் இருந்தது. ஆனால் லேப்டாப் சார்ஜர் சுவர் பிளக்கில் அல்லவா இருந்தது! என் பழைய லேப்டாப்பின் பேட்டரி சரசரவென்று இறங்கிச் சிவப்புக்கு வந்தது.

மைக்கை அணைத்தேன். "ஏங்க, டேப்பப் பிரிங்க!"

"ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆகட்டும் லா! உங்க போன் கேபிளக் குடுங்க!"

நகத்தால் சுரண்டிப் பிரித்தார். கேபிளின் ஒரு முனையை அவர் போர்ட்டில் செருக, மறுமுனையை நான் லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் செருகினேன். அந்த ஒல்லிக் கேபிள் லேப்டாப்பைத் தாங்குமா? பேட்டரி சதவீத எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மைக்கை மறுபடி போட்டேன். கேள்விகளுக்கு என் வாய்தான் பதில் சொன்னது. கண் அந்த எண்ணை விட்டு நகரவில்லை.

திரையில் என்னை நேர்காணல் செய்த அம்மையார் கடைசியாகக் கேட்டார்: வீட்டில் கரண்ட் போய்விட்டால் எப்படி வேலை செய்வீர்கள்?

"போய்க் கொஞ்ச நேரம் ஆச்சு, மேடம். அந்தச் சத்தம் அதுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். மேசைக்கடியில் போர்ட்டில் கேபிளை அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்த என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை, வியர்த்துக் கொட்டியது.

வேலை கிடைத்தது. முதல் நாள் காலை நான் உட்காரும்போது, கேபிள் ஏற்கெனவே போர்ட்டில் இருந்தது. அது கழன்றுவிடாமல் இருக்க, மேலே மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்.