வெள்ளைச் சேலையில் புள்ளி

மறுநாள் ஒரு சர்ச் கல்யாணத்துக்கு நான் படம் எடுக்க வேண்டும். கோச்சடையில் என் வீட்டில் டிஜிட்டல் கேமராவின் லென்ஸைக் கழற்றி, உள்ளே படம் பதியும் சென்சாரில் இருந்த தூசியை ரப்பர் பம்பால் எடுத்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா நேரம் சொல்ல வந்தார். நெட்டையான ஆள், வாய் நிறைய வெற்றிலை. நாற்காலியைக்கூட ஊதிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“இம்புட்டுத் தூசிக்குப் பம்பு எதுக்கு தம்பி?” என்று குனிந்து ஊதிவிட்டார். சென்சாரில் எச்சில் தெறித்தது.

“அண்ணே, உங்க மக கட்டப்போறது வெள்ளைச் சேலை. எல்லாப் படத்துலயும் புள்ளி விழும்.”

“நம்ம எச்சிதானே, காஞ்சிரும்.”

துடைக்கத் துடைக்கக் கறை பரவியது. என்னிடம் வேறு கேமரா இல்லை.

ஆல்பம் கொடுத்த அன்று அந்தப் பெண் அழுதது. “கேமரா சரியில்லம்மா” என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் ஆறவில்லை.