கல்லுக்கு வைத்த விளக்கு

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் படிப்பிக்க வந்த முதல் வருடம் நான் குளிரைக் குறை சொன்னேன். அடுத்த வருடம் கல்யாணமாகி, குறை கேட்க வீட்டிலேயே ஓர் ஆள் கிடைத்ததும், கடல் இல்லை என்று குறை சொல்லத் தொடங்கினேன். நான் பருத்தித்துறைப் பக்கத்துக் கரையில் பிறந்தவள். இங்கே சன்னலைத் திறந்தால் தேயிலை, அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே பனிமூட்டம். "கண்ணைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டேன். என் கணவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுக்கவில்லை. அவரிடம் யார் எதைக் கேட்டாலும் செய்து கொடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

அவர் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகத்துக்கு வந்தவர். துரையின் பங்களாவில் கழித்துப்போடும் ஆங்கிலச் சஞ்சிகைகள் எண்ணெய் துடைக்கத் தொழிற்சாலைக்கு வரும். அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். உயிருள்ள முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைத் துண்டை, கடல்நீரோடு கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பொறுமையாக இருக்க வேண்டுமாம். கல்லில் செத்தவை முதலில் அழுகும். பிறகு கல்லுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த அழுக்கைத் தின்று தண்ணீரைப் பழக்கிவிடும். அதற்குப் பிறகுதான் மீன் விடலாம். அவசரப்பட்டு விட்டால் மீன் சாகும்.

தொட்டி லேசாகக் கிடைத்தது. தோட்டத்துக்குக் கம்பியில் மின்சாரம் வருமுன் பங்களாவுக்கு வெளிச்சம் தந்த பெரிய பாட்டரிகளின் கண்ணாடிப் பெட்டிகள் தொழிற்சாலைக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றைக் கொண்டுவந்து, அமில வாடை போகும்வரை ஊறவைத்து ஊறவைத்துக் கழுவினார். கல்லும் தண்ணீரும் என் தம்பி கொண்டுவந்தான். என் கல்யாணத்துக்குப் பிறகு ஊர் வீட்டில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். ஈரச் சாக்கில் சுற்றிய கல்லையும், பிரம்புக் கூடைக்குள் வைத்த கண்ணாடிக் குடுவைகளையும் யாழ்ப்பாண ரயிலில் ஏற்றி, பொல்கஹவெலயில் மாற்றி, கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கினான். "அக்கா, ரயிலில என்னைக் கள்ளுக்காரன் எண்டு நினைச்சிட்டாங்கள்" என்றான்.

இனி என் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி என்றால் என் கணவரின் தாய். கொழுந்து பறிக்கிறவர். மகன் பிடிவாதம் பிடித்ததால் லயத்தை விட்டு, தோட்டம் எங்களுக்குத் தந்த குவாட்டஸுக்கு வந்தார். வந்தாரே தவிர, வீட்டுக்குள் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். குசினிப் படியில்தான் இருப்பார். ஒரு கோப்பையை எடுப்பதென்றாலும் "இத எடுக்கலாங்களா டீச்சர்?" என்று கேட்பார். மருமகளை டீச்சர் என்றும் நீங்க என்றும் கூப்பிடுகிற மாமியாரை நான் வேறெங்கும் கண்டதில்லை. "மாமி, இது உங்கட வீடு" என்று நான் சொல்வதுண்டு. ஆனால் என் வீட்டில் என்னிடம் அனுமதி கேட்பதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

மாமியை வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்தத் தொட்டிதான். குசினிச் சுவரின் மறுபக்கத்தில், அடுப்புச் சூடு படுகிற இடத்தில் ஒரு பலகை அடித்து அதை வைத்தோம். சில நாட்களில் தண்ணீர் பால் கலந்தது மாதிரி வெளுத்து, வீடு முழுக்க நாறியது. எலி செத்துக் கிடக்கிறதா என்று பக்கத்துக் குவாட்டஸ் அம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனார். மாமி படியிலிருந்து எழுந்து வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்.

"என்னா புள்ள, ஒங்க ஊரு கடலு இப்புடித்தான் நாறுமா?"

"கருவாடு காயப்போட்டால் இதைவிட மோசம், மாமி."

"அடியாத்தே! காசு குடுத்து ரயில்ல நாத்தத்த ஏத்திக்கிட்டு வந்திருக்கா எம்மருமவ!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம். அன்றுதான் முதன்முதலாக நான் புள்ளையும் மருமகளும் ஆனேன். அதற்குப் பிறகு கொழுந்து மலையிலிருந்து வந்ததும், ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டிக்கு முன்னால்தான் தேத்தண்ணீர் குடிப்பார். "இன்னைக்கு நாத்தம் கொறஞ்சிருக்கு" என்பார். கண்ணாடியில் கபில நிறப் படலம் படிந்தபோது கவலைப்பட்டார். அது போய்க் கல் பச்சை பிடித்தபோது, "ஒங்க கல்லும் தேயில ஊருக்கு வந்து பச்சையாயிருச்சு" என்று கேலி செய்தார். கோப்பையை எடுக்கக் கேட்பதை எப்போது விட்டார் என்று எனக்கே தெரியாது.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. லொறி டியூப் ஒன்றில் காற்றடித்து, அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் குமிழி விட்டோம். தண்ணீர் வற்றினால் கொதித்தாறிய நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு வற்றாது என்று கணவர் எனக்குச் சொன்னார். சவர்க்காரம் பட்ட கையை உள்ளே விடக்கூடாது என்றும் சொன்னார். இதெல்லாம் சஞ்சிகையில் இருந்தது. கல்லுக்குக் குளிரக்கூடாது என்று பலகைக்குக் கீழே திரி குறைத்து ஒரு மண்ணெண்ணெய் விளக்கும் எரிந்தது. நான் எழும்பும் முன்பே அது துடைத்துக் கொளுத்தியிருக்கும். கணவர்தான் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாலை கல்லின் ஓட்டைகளிலிருந்து அவை வெளியே வந்தன. சிவப்பாக, பக்கமெல்லாம் மயிர் போன்ற கால்கள் முளைத்த கடற்புழுக்கள். சின்ன வயதில் ஈரமணலைத் தோண்டி, தூண்டிலுக்கு நாங்கள் எடுத்த அதே இனம். என் கரையே வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது. கல் நன்றாக உயிர் பிடித்துவிட்டது, அடுத்த முறை தம்பி வரும்போது மீன் கொண்டுவரச் சொல்லலாம் என்று கணவரிடம் குதித்துக் குதித்துச் சொன்னேன். மாமியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று இல்லை. அவரிடமும் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவருடைய சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. கல்லைப் பற்றிய விஷயம் மட்டும் படித்தவர்கள் இருவருக்குள் இருந்தது.

அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. உடம்பில் இரத்தம் போதாது என்று தோட்டத்து மருந்தையா சொல்லியிருந்தார். மாமி தினமும் மலையிலிருந்து மடியில் கீரை கட்டிக்கொண்டு வந்து அவித்துத் தருவார். "மொகம் வெளுத்துக்கிட்டே போவுது, எங்க போவுது ஒன் ரத்தம்?" என்பார். பெரிய மழைக்காலம் அது. மலையில் அட்டைக்குக் குறைவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் சவர்க்காரத்தையும் புகையிலையையும் துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருப்பார்கள். அட்டை ஏறினால் அந்த முடிச்சை நனைத்து ஓர் ஒற்று, சுருண்டு விழும். மாமி குனிந்து பார்க்காமலே அதைச் செய்வார்.

ஒரு நாள் அடைமழையால் மலையில் வேலை அரை நாளோடு நின்றது. நான் பாடசாலை விட்டு நனைந்துகொண்டு வந்தேன். கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மாமி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"நல்ல வேள, நான் இன்னைக்கு வெள்ளன வந்தேன் புள்ள. கல்லு பூரா அட்ட! நீ பாட்டுக்கு தெனமும் அதுக்குள்ள கைய விட்டுக்கிட்டிருக்க. ஒன் ரத்தம் எங்க போவுதுன்னு இப்பத்தான் தெரியிது. உப்புத் தண்ணியிலயே கெடந்து பழகின சாதி, உப்புக்குச் சாவாது. நம்ம முடிச்சத்தான் வுட்டேன். ஒண்ணு பாக்கியில்ல."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டியின் மேலே நுரை. ஒரு குச்சியின் முனையில் கட்டிய முடிச்சு கல்லின்மேல் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் புகையிலை நிறம். புழுக்கள் ஓட்டைகளிலிருந்து பாதி வெளியே வந்து, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன.

"என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறியள்!" என்று கத்தினேன். "உங்கட தோட்டக்காட்டுப் புத்தி சாகும்வரைக்கும் உங்களை விட்டுப் போகாதா?"

எங்கள் ஊர்ப்பக்கம் மலைநாட்டுச் சனங்களை இளக்காரமாகச் சொல்கிற சொல் அது. என் கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பா அந்தச் சொல்லைத்தான் எடுத்தார். அதற்காகவே நான் அப்பாவோடு சண்டை பிடித்து வீட்டை விட்டு வந்தேன். வந்த வீட்டில், அந்தத் தாயின் முகத்துக்கு நேரே, அதே சொல்லை நானே சொன்னேன்.

கணவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து, கை கழுவி, குடையை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். மாமியின் முகத்திலிருந்த பூரிப்பு உடனே போகவில்லை. போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. "அட்ட இல்லீங்களா அது?" என்று கேட்டார். பிறகு தண்ணீரிலிருந்து முடிச்சை எடுத்து, பிழிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு குசினிப் படிக்குப் போனார்.

மறுநாள் காலை விளக்கு எரியவில்லை.

"விளக்கைக் கொளுத்தேல்லையோ?" என்று கணவரைக் கேட்டேன். செத்த கல்லுக்கு விளக்கு எதற்கு என்று நினைக்காமல், வழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"நானா? நான் என்னைக்குக் கொளுத்தினேன்?" என்றார். "அம்மாதான் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால தொடச்சி ஏத்தி வச்சிட்டுப் போவும்."

இருட்டோடு எழும்பி, பெரட்டில் பேர் கொடுத்து, மழையில் மலைக்குப் போகிறவர், போகும் முன் என் கல்லுக்குக் குளிருமென்று விளக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதை ஒரு நாளும் விசாரித்ததில்லை.

அன்று மாலை மாமி வந்ததும் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். "அட, விடுங்க டீச்சர். நான் தெரியாமச் செஞ்சேன், நீங்க தெரியாமச் சொல்லிட்டீங்க. இதுல என்னா இருக்கு?"

தெரியாமல் செய்தவர் அவர் மட்டும்தான். நான் தெரிந்துதான் சொன்னேன். எது ஆழமாகப் படும் என்று பார்த்து எடுத்த சொல் அது. அதைச் சொல்லித் திருத்த எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் என்ற சொல் திரும்பி வந்துவிட்டதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

தம்பி பாடசாலை விடுமுறைக்கு வந்தபோது வேறு கல் கொண்டுவந்தான். எனக்கு ஆசை விட்டுப்போயிருந்தது. ஆனாலும் தொட்டி திரும்ப வந்தால் மாமியும் அதற்கு முன்னால் திரும்ப வருவார் என்று ஒரு நப்பாசை. தொட்டியைக் கழுவி, முதலிலிருந்து தொடங்கினோம். சவர்க்காரம் பட்ட கை தொட்டிக்கு ஆகாது என்று இந்த முறை மாமிக்கும் சொன்னேன். அதே பால் நிறம், அதே நாற்றம், அதே கபிலப் படலம். நாற்றத்தைப் பார்த்துச் சிரிக்க மட்டும் யாரும் இல்லை. முக்காலியை நானே தொட்டிக்கு முன்னால் போட்டு வைப்பேன். மாமி அதைச் சுற்றிக்கொண்டு போவார்.

"விளக்கை நீங்கள்தான் பார்க்க வேணும், மாமி" என்று கேட்டுக்கொண்டேன். "நீங்க சொன்னாச் செய்றேங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் விடியும் முன் என் அறை வாசலில் வந்து நின்று, "டீச்சர், வெளக்கக் கொளுத்தவா?" என்று கேட்பார். ஓம் என்று நான் சொன்ன பிறகுதான் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும். கேட்க வேண்டாம் மாமி என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "சரிங்க டீச்சர்" என்பார். மறுநாளும் கேட்பார்.

கல் பழகிய பிறகு தம்பி கொண்டுவந்த இரண்டு சின்ன மீன்களை விட்டோம். மஞ்சளும் கறுப்புமாக வரி போட்டவை. நாங்கள் கூப்பிட்டதும் மாமி வந்து பார்த்தார். தொட்டிக்கு எட்டவே நின்று, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "அழகாத்தான் இருக்கு" என்றார். மீன்கள் பிழைத்துவிட்டன. எனக்கு அதில் ஒரு சந்தோசமும் வரவில்லை.

பிள்ளை வீட்டில்தான் பிறந்தது. மருத்துவிச்சி வந்து சேருமுன் இரவெல்லாம் என்னைத் தாங்கிப் பிடித்தவர் மாமி. அப்போது அவர் எதையும் கேட்கவில்லை. நேரமிருக்கவில்லை. விடிந்த பிறகு மருத்துவிச்சி பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கப் போனாள். குசினியில் மாமி கை கழுவும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. பிறகு வந்து கட்டிலருகில், கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

"தொடலாங்களா டீச்சர்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பினேன். நான் தயங்குவதாக நினைத்து அவர் ஓரடி பின்னால் போனார். நான் அவசரமாகப் பிள்ளையைத் தூக்கி நீட்டினேன். அப்போதும் அவர் வாங்கவில்லை. குளிர்ந்து சிவந்த இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"பயப்படாதீங்க டீச்சர். சவுக்காரம் போடலீங்க, வெறுந் தண்ணியிலதான் கழுவுனேன்."