தோளுக்கும் காதுக்கும் நடுவில்

இரண்டு வாரமாக என் கழுத்து வலப்பக்கம் திரும்பவில்லை. காரோட்டும்போது சாலைச் சந்திப்புகளில் பக்கத்தில் இருக்கும் மனைவிதான் எட்டிப் பார்த்து, "வண்டி இல்ல, போலாம்" என்பாள்.

இன்று காலை மனைவியோடு தெப்ராவ் வட்டாரத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன்.

"எப்படி வேலை செய்வீங்க, செஞ்சு காட்டுங்க அண்ணே" என்றார் அங்கிருந்த பெண்.

கைப்பேசியை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தட்டச்சு செய்வதுபோல் காட்டினேன். எங்கள் செய்தி அறையில் பலரும் இப்படித்தான்.

"எத்தன வருஷமா?"

"முப்பது."

"அலமாக்!" என்று மலாயில் வியந்தார். "இயர்போன் வாங்குங்க லா."

முக்கால் மணி நேரம் அழுத்தியும் நீவியும் விட்டார். கழுத்து திரும்பியது. வலப்பக்க ஜன்னல் வழியாக என் காரை நானே பார்த்தேன்.

சட்டையை மாட்டியதும் கைப்பேசி ஒலித்தது. காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த தீயணைப்பு அதிகாரி. குறிப்பேட்டைப் பிடிக்க ஒரு கை, எழுத ஒரு கை.

பேசி முடித்தபோது அந்தப் பெண் கைகட்டி நின்றிருந்தார்.

"மறுபடியும் படுங்க அண்ணே."

இரண்டாம் முறை கழுத்து அத்தனை எளிதில் இணங்கவில்லை. செய்தி முழுதாகக் கிடைத்தது. திரும்பும் வழியில் சந்திப்புகளை மனைவிதான் பார்த்தாள்.

இயர்போனுக்குப் பழகிய செய்தியாளர்களே, பழக எத்தனை நாளாயிற்று என்று சொல்லுங்கள்.