குன்றக்குடி முருகனிடம் வாங்கிய கைமாற்று

சொர்ணவல்லி அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவள். இதை அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அமராவதிபுதூரில் கடன் வாங்காத வீடு கிடையாது. கொடுத்த வீடுகளும் நாலைந்து உண்டு. ஆனால் கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே கடன் கொடுத்துவிட்டு, உலக்கையும் கையுமாக அடுத்த வீட்டு மாவை இடித்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

விவகாரம் அறுபத்து மூன்றில் ஆரம்பித்தது. அவள் புருஷன் நாகநாதன் கைதேர்ந்த பொன் வேலைக்காரர். அந்த வருஷம் தில்லியில் சட்டம் போட்டார்கள்: இனிமேல் பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாதாம். பதினாலு காரட்டில் தாலி செய்து போட்டுக்கொள்ள எந்த ஆச்சி சம்மதிப்பாள்? பட்டறை படுத்துவிட்டது. நாகநாதன் காரைக்குடி ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போனார். சொர்ணவல்லி பட்டறைச் சாமான்களையும் தன் காப்பையும் விற்று இரண்டாயிரம் ரூபாய் தேற்றினாள். என்றாவது ஒரு மாவு மில் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதுவரை கையில் வைத்திருந்தால் கரைந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கஜானா குமாஸ்தா உடையப்பன் ஊருக்குள் வந்தார். மெட்ராஸ் சர்க்கார் பத்து வருஷக் கடன் பத்திரம் போட்டிருக்கிறது, வாங்குங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். மேலிடத்து நெருக்கடி, முகத்தில் ஈயாடவில்லை.

"தில்லிக்காரக பட்டறைய மூடுவாக, மெட்ராஸ்காரக கடன் கேப்பாக. நல்லா இருக்கு ஒங்க பொழப்பு!" என்றாள் சொர்ணவல்லி. "சரி, பத்து வருசம் கழிச்சு எங்குட்டு இருந்து எடுத்துக் குடுப்பீக?"

"அதுக்குன்னே வருசா வருசம் வரிப்பணத்துல ஒரு பங்க ஒதுக்கி வச்சிருவாகம்மா. வேற செலவுக்கு அதத் தொடக் கூடாது."

இந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள். அவள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. எந்தக் கூலி வந்தாலும் முதலில் ஒரு பங்கை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துவிடுவார்கள். குன்றக்குடி முருகனுக்கு வெள்ளி வேல் சாத்துவதாக மாமனார் காலத்தில் நேர்ந்துகொண்ட மகமை அது. உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் அந்த முடிச்சில் யாரும் கை வைத்ததில்லை.

"மஞ்சத் துணியில முடிஞ்சு வைக்கிற மாதிரியா?"

"அதே மாதிரித்தான்," என்றார் உடையப்பன், ஆளை விட்டால் போதும் என்று.

பணம் போய்விட்டது, பத்திரம் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வாங்க கஜானாவுக்குப் போவாள், வெள்ளிக்கிழமை மட்டும் போகமாட்டாள். கடன்காரன் வீட்டு லட்சுமியை வெள்ளிக்கிழமை வாங்கிவருவது பாவமாம். அமைச்சர் வருகிறார் என்று ரோட்டில் வளைவும் டியூப் லைட்டும் கட்டினால், "ஒதுக்க வேண்டியத ஒதுக்கிட்டுத்தான் இந்தக் கூத்தா?" என்று ஏணியில் நிற்பவனைப் பிடித்துக்கொள்வாள். அறுபத்தொன்பதில் மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆனபோது ஊரே மிட்டாய் தின்றது. அவள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு உடையப்பனிடம் ஓடினாள்.

"கடன் வாங்குன ஆளு பேர மாத்திக்கிட்டா என்ன அர்த்தம்? நாளைக்கு அந்த ஆளு நான் இல்லேம்பீகளா?"

எழுபத்து மூன்று ஆனியில் தவணை முடிந்தது. அதற்குள் இடித்து இடித்து அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போயிருந்தது. பள்ளத்தூர் மெய்யம்மை ஆச்சி தன் மாவு மில் மெஷினை இரண்டாயிரத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆடியில் யாரும் தொழில் பேசமாட்டார்கள். ஆனிக்குள் ஆயிரம் ரூபாய் அச்சாரம் வந்தாக வேண்டும், இல்லையென்றால் மெஷின் தேவகோட்டைக்காரர் ஒருவருக்குப் போய்விடும்.

கஜானாவில் உடையப்பன் இப்போது பெரிய நாற்காலியில் இருந்தார்; தலையில்தான் முடி இல்லை.

"புதுக் கடன் போட்டிருக்காகம்மா. இதக் குடுத்துட்டுப் புதுப் பத்திரம் வாங்கிக்கங்க. வட்டியும் கூட."

"பத்திரத்த வச்சு மாவா அரைக்க முடியும்? பணத்தக் குடுங்க."

"ரொக்கம்னா பத்திரம் மெட்ராஸ் போய்ட்டு வரணும். ஆவணி ஆயிரும்."

"அப்ப பத்து வருசமா ஒதுக்குனது எங்குட்டுப் போச்சு?"

உடையப்பன் நல்ல மனுஷர், உண்மையைச் சொல்லித் தொலைத்தார். ஒதுக்கிய பணத்தைச் சும்மா பூட்டி வைக்கமாட்டார்கள், கவர்மெண்டுப் பத்திரத்திலேயே போட்டு வைப்பார்கள் என்றார்.

விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "தன் முடிச்சத் தானே அவுத்து, தனக்கே கடன் குடுத்து, தானே பத்திரமும் எழுதிக்கிட்டீகளா? இத நாங்க செஞ்சா வேற பேரு சொல்வாக!"

சிரிப்பு வாசற்படி வரைக்கும்தான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். இன்னும் எத்தனை வருஷம் இந்த ஒற்றைக் கையால் உலக்கை பிடிப்பது?

மறுநாள் மஞ்சள் முடிச்சை மாடத்திலிருந்து எடுத்தாள். மகமைப் பணம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. நாகநாதன் பதறிப்போனார். "அடியே, அது சாமி காசு! குடும்பம் வெளங்காது."

"சாமிகிட்டக் கேக்காமயா எடுக்கப் போறேன்?" என்று குன்றக்குடிக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒவ்வொரு படியிலும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே மலையேறினாள். வாய்தான் அவளுக்குப் பெரிசு, முருகனிடம் அவளுக்கு நிஜமாகவே பயம். சன்னிதியில் முடிச்சை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, குருக்கள் காதில் விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் பேசினாள்.

"கைமாத்தாத்தான் கேக்குறேன் அப்பனே. நாலரை வட்டி. சர்க்கார் எனக்குக் குடுத்தது அம்புட்டுத்தான், அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத. ஆவணியில திரும்ப முடிஞ்சிருவேன். ஒனக்கு ஏற்கனவே ஒரு வேல் இருக்கு. எனக்குக் கை இல்ல."

முருகன் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அச்சாரம் பள்ளத்தூர் போனது.

ஆவணியில் கஜானாவிலிருந்து ஆள் வந்தது. வியாழக்கிழமையாகப் பார்த்துப் போனாள். உடையப்பன் இரண்டாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, அச்சாரத்துக்கு என்ன செய்தாள் என்று கேட்டார்.

"ஒதுக்கி வச்சிருந்ததுல இருந்துதான் எடுத்தேன்."

உடையப்பனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீகளா! எங்கள என்ன பேச்சுப் பேசுனீக? கடைசியில நீகளும் அதத்தான செஞ்சீக?"

சொர்ணவல்லி பணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மஞ்சள் துணியை அவர் மேஜையிலேயே விரித்தாள். ஆயிரத்தை எண்ணி வைத்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வட்டிச் சில்லறையை எடுத்து அதன் மேல் வைத்தாள். வலது கை ஒத்துழைக்காததால் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கி முடிந்தாள்.

"செஞ்சேன். இந்தா, திரும்ப முடிஞ்சுட்டேன். நீக எப்ப முடியப் போறீக?"

உடையப்பன் புதுக் கடன் விளம்பரத் தாள்களை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.